கைப்பிடித் தையல்

(தஞ்சாவூரில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தப் பையைப் பாருங்கள். காடாத் துணி. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது; வெளுத்து வெளுத்து இப்போது பழஞ்சோற்று நிறத்துக்கு வந்துவிட்டது. கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருந்த என் அப்பா 1981இல் தைத்தது. கைப்பிடி மூன்று முறை மாற்றியாயிற்று. அடித்துணி ஒருமுறை ஒட்டுப் போட்டது. இன்று காலையில்கூட இதில்தான் கத்தரிக்காயும் வாழைப்பூவும் வாங்கி வந்தேன். இரண்டு கைப்பிடியும் பையோடு சேரும் இடத்தை மேடைக்கு அருகில் இருப்பவர்கள் நன்றாகப் பார்க்கலாம். சதுரமாக ஒரு தையல், அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தையல். பை என்றைக்கும் நடுவயிற்றில் கிழியாது, கைப்பிடி சேரும் இடத்தில்தான் கிழியும் என்று அப்பா சொல்வார். ஒற்றைத் தையலோடு விட்டால் ஐந்து கிலோ அரிசிக்குத் தாங்காது. சதுரம் போட்டால் பாரம் நான்கு பக்கமும் பிரிந்து போகும். ஒரு பைக்கு இதனால் கூடும் வேலை இரண்டு நிமிடம்; நூல் ஒரு முழம்.

இன்று நான் பேச வந்தது பையைப் பற்றி. நெல்லையும் காவிரியையும் பேசும் ஊரில் பையைப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நெல்லின் வரலாற்றில் பாதி, அதை எதில் கட்டினோம், எதில் சுமந்தோம் என்பதுதான்.

விதைக்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்களில் சிலராவது அதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்ததும் நல்ல கதிராகப் பொறுக்கி, அடித்து, வெயிலிலும் நிழலிலும் காயவைத்து விதை நெல் தேர்வாகும். நீளமான வைக்கோலைப் பிரியாகத் திரித்து, தரையில் பரப்பி, நடுவில் விதையைக் கொட்டி, சுற்றிலும் இழுத்து இழுத்துக் கட்டுவார்கள். உருண்டு திரண்டு பூசணிக்காய் போல ஆகிவிடும். மேலே சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுவார்கள். உள்ளே நொச்சி இலையோ வேப்பிலையோ போடுவதும் உண்டு. அடுத்த பட்டத்துக்குக் கோட்டையைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் ஊறப்போட்டு முளை கட்டும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது.

இதில் நான் வியப்பது ஒன்று. விதை உயிருள்ள பொருள். அது மூச்சு விடும். ஈரமும் சூடும் சேர்ந்து அடைபட்டால் முளைப்புத்திறன் போய்விடும். வைக்கோலும் சாணமும் பூச்சியைத் தடுக்கும், காற்றை முழுதாகத் தடுக்காது. கோட்டையைக் கட்டும் பொருள் அதே வயலில், அதே பயிரில் கிடைத்தது. பிரித்த பிறகு வைக்கோல் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும். பொருள் எங்கிருந்து வந்தது, வேலை முடிந்த பிறகு எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த வீட்டுத் திண்ணையிலேயே விடை இருந்தது. நெல்லை மொத்தமாகச் சேமிக்க வைக்கோல் பிரி சுற்றிச் சேர் கட்டியதும் இதே கைவேலையின் பெரிய வடிவம்.

அந்தக் கோட்டை ஏன் போயிற்று? மனிதர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று சொல்வது எளிது, ஆனால் அது நியாயமில்லை. வைக்கோலே மாறிவிட்டது. பழைய நெல் ரகமான காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மாப்பிள்ளைச் சம்பாவும் நெடும் பயிர்தான். 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தபோது நாட்டிலேயே முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அந்தப் பத்தாண்டில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் வந்தது. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பயிர் குட்டையானதும் பிரி திரிக்கும் வைக்கோலும் குட்டையாயிற்று. பிறகு வந்த அறுவடை இயந்திரம் வைக்கோலை நொறுக்கிப் போட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தபோது, விதையோடு சேர்ந்து நீண்ட வைக்கோலும் திரும்பி வந்தது. அந்த வைக்கோல் கையில் இருந்தால்தான் கோட்டை கட்டுவதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அடுத்தது சாக்கு. சணல் நம் மண்ணின் பயிரில்லை, வங்காளத்தின் பயிர். முதலில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளில் நெய்தார்கள். 1855இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ரா என்ற ஊரில் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலை எழுந்தது. அங்கிருந்து புறப்பட்ட கோணி நம் களத்துமேட்டுக்கு வந்து, மனிதரின் முதுகில் ஏறியது. நெல் மூட்டை சுமந்த தொழிலாளியின் முதுகுதான் டெல்டாவின் உண்மையான முதுகுப் பை. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. லாரியிலிருந்து அரைவைக்கும், அரைவையிலிருந்து கிடங்குக்கும் அறுபது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி நடந்தவர்கள் நாற்பது வயதில் நிமிர முடியாமல் போனதை நான் என் தெருவில் பார்த்திருக்கிறேன். இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. அந்த இருபது கிலோ குறைவை ஒரு முதுகு மறக்காது.

சணல் சாக்கின் குணம் லோடுமேன்களைக் கேட்டால் தெரியும். கொக்கி மாட்டி இழுத்தால் ஓட்டை விழும், எடுத்ததும் இழை மறுபடி நெருங்கிக்கொள்ளும். அட்டி போட்டு அடுக்கினால் வழுக்காது. கொஞ்சம் ஈரம் இருக்கும் நெல்லுக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும். நெகிழிச் சாக்கு அட்டியில் நழுவும், உள்ளே புழுக்கம் ஏறும். தானியத்தைச் சணலில்தான் கட்ட வேண்டும் என்று 1987இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. சணல் விவசாயியையும் ஆலைத் தொழிலாளியையும் காப்பது அதன் முதல் நோக்கம். நம்மூர்க் களத்தில் அறுவடை குவியும் நாளில் சாக்குத் தட்டுப்பாடு வந்து, நெல் வாசலில் கிடந்து மழையில் நனைவதைப் பார்க்கும்போது, ஒரு விவசாயிக்கு இந்தச் சட்டத்தின் அருமையை விளக்க முடியாது. அவருக்கு அன்றைக்கு வேண்டியது சாக்கு. நேரத்துக்கு வராத நல்ல பொருளால் யாருக்கும் பயனில்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

சாக்கு கிழிந்த பிறகும் வேலை செய்தது. மழைக்குக் கொங்காணி, வாசலில் கால்மிதி, குளிர் நாளில் மாட்டின் முதுகுப் போர்வை. கோணி ஊசி இல்லாத வீடு கிடையாது. பிறகு உரச் சாக்கு வந்தது. அது நெகிழிதான்; ஆனாலும் நம் பெண்கள் அதையும் விடவில்லை. பிரித்து, கழுவி, தையல் போட்டுக் கட்டைப்பை ஆக்கினார்கள். ஒயர் கூடையும் அப்படித்தான். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் வைத்துப் பின்னினார்கள். என் அத்தை பின்னிய ஒயர் கூடை முப்பது ஆண்டாகச் சந்தைக்குப் போய்வருகிறது. அதை நெகிழி என்று சொல்லி நான் எப்படி ஒதுக்குவேன்? கொள்ளிடக் கரையோரம் தைக்காலில் பிரம்பில் முடைவதற்கும், என் அத்தை ஒயரில் முடைவதற்கும் நடுவே பொருள்தான் வேறு, கைப்பழக்கம் ஒன்று. நீடிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த கை அது.

இங்கேதான் உங்களை வெகுதூரம் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, சுவீடனுக்கு. அந்த ஒரே நாட்டிலிருந்து இரண்டு பைகள் உலகத்துக்கு வந்தன.

முதல் பையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நோர்ஷோப்பிங் நகரத்தில் செலோபிளாஸ்ட் என்ற நிறுவனத்தில் வேலை செய்த பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் தூலின். பாலித்தீன் குழாயை மடித்து, சூட்டில் ஒட்டி, கைப்பிடிக்கு வெட்டிவிட்டால் ஒரே தகட்டில் பை தயார் என்று கண்டுபிடித்தார். 1965இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. நம் ஊரில் கேரி பேக் என்று சொல்வது அதைத்தான். அவர் இதைச் செய்தது, காகிதப் பைக்காக மரம் வெட்டுவதைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தோடுதான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பதே அவர் விருப்பம் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். நூறு முறை தூக்கப் பிறந்த பையை, பூக்காரம்மாவின் கூடைக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவே பத்து நிமிடம் பயன்படுத்திவிட்டு வாய்க்காலில் போட்டோம்.

இரண்டாவது பையைச் செய்தவர் ஓகே நூர்டின். சுவீடனின் வடக்கே ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற ஊர்க்காரர். 1950இல், பதினான்கு வயதுப் பையனாக மலையில் சுற்றியபோது, அன்றைய முதுகுப் பைகள் பாரத்தைக் கீழே தொங்கவிட்டு முதுகை வளைப்பதை உணர்ந்தார். மரத்தில் ஒரு சட்டம் செய்து, தோல்வாரால் முதுகோடு சேர்த்துக் கட்டி, பாரத்தை மேலே, உடலுக்கு நெருக்கமாக ஏற்றினார். மூட்டை தூக்கும் நம்மூர்த் தொழிலாளி குனிந்து, பாரத்தைக் கழுத்துக்குக் கீழே, முதுகின் மேற்பகுதியில் ஏற்றுவதும் இதே கணக்குத்தான். அந்தத் தொழிலாளிக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை. 1960இல் நூர்டின் தன் வீட்டு நிலவறையில் ஒரு நிறுவனம் தொடங்கினார். பெயர் ஃப்யெல்ரேவென், துருவ நரி என்று பொருள். கூடாரத்துக்கு வாங்கி மிஞ்சிப்போன கனத்த துணியில் மெழுகு தேய்த்து 1968இல் ஒரு மேற்சட்டை தைத்தார்கள். அது இன்றும் விற்கிறது. மிச்சத் துணியை வீணாக்காத தையல்காரரை எந்த ஊரில் கண்டாலும் எனக்கு அப்பா நினைவு வரும்.

1970களில் சுவீடனில் முதுகுவலி இளம் வயதிலேயே வருகிறது என்ற பேச்சு எழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒற்றைத் தோளில் பை தொங்கவிடுவது நல்லதில்லை என்று நூர்டின் 1978இல் ஒரு சதுரப் பை செய்தார். பெயர் கோங்கென். இரண்டு பெரிய கோப்புகள் நிற்கும் அளவு. எடை சுமார் 300 கிராம். வேறு அலங்காரம் இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் அதன் வடிவத்தை அவர்கள் மாற்றவே இல்லை என்பதுதான் நான் மதிக்கும் செய்தி. ஆண்டுக்கொரு புது வடிவம் வந்தால் போன ஆண்டுப் பை பழசாகத் தெரியும். வடிவம் மாறாவிட்டால் பத்தாண்டுப் பையும் நேற்றுப் பையும் ஒன்றாகவே இருக்கும். பிற்பாடு நீர் ஒட்டாமலிருக்கத் துணிமேல் பூசும் ஃபுளோரோகார்பன் வேதிப்பொருளைக் கைவிட்டார்கள். 2016இல் பதினொரு பழைய நெகிழிக் குடுவைகளை உருக்கி இழையாக்கி, அதே கோங்கென் பையை ஒரே வகைப் பொருளில் தைத்தார்கள். நாளைக்கு அதையும் உருக்க வேண்டியிருந்தால் பிரித்தெடுக்கும் வேலை குறையும் என்பது கணக்கு.

இதில் எதை நம்பலாம், எதை விளம்பரம் என்று தள்ளலாம்? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குடுவையை உருக்கிப் பை செய்வது நல்லதுதான், ஆனால் அந்த வேலையின் பாதியே அது. பை தைத்த நாளில் அதன் குணம் முடிவாகிவிடுவதில்லை. அது எத்தனை ஆண்டு எத்தனை பேர் முதுகில் ஏறியது, பட்டை பிய்ந்தபோது தைக்கப்பட்டதா, தூக்கி எறியப்பட்டதா என்பதில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெரிய சாதனையாக நான் நினைப்பது 2016இல் வந்த பையை அல்ல. 1978இல் வாங்கி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போன பையைத்தான்.

இதே கண்ணோடு நம் மஞ்சப்பையையும் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

மஞ்சப்பை நமக்கு வெறும் பை இல்லை. கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. பட்டாவையும் பத்திரத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனவரின் பை. அதனாலேயே நகரத்தில் அது பட்டிக்காட்டான் என்ற ஏளனத்துக்கு ஆளாயிற்று. அந்த ஏளனம்தான் கேரி பேக்கை நம் கைக்கு இவ்வளவு விரைவாகக் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் கோயம்பேடு சந்தையில் வந்தது. ஒரு அரசாங்கம் ஏளனத்துக்கு உள்ளான பையை எடுத்துப் பெருமையோடு பிடித்துக் காட்டியது நல்ல செயல். அதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் துணிப்பைக்கும் கடன் இருக்கிறது. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், மருந்தடிக்க வேண்டும். நூற்க, நெய்ய, சாயம் போட மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. புவி வெப்பமயமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்குச் சமமாகும். தண்ணீர், மண், ஓசோன் என்று எல்லா அளவுகோலையும் சேர்த்தால் 7,100 முறை. தினமும் ஒருமுறை என்றால் ஏறக்குறைய இருபது ஆண்டு. அந்தப் பெரிய எண்ணை அங்கேயே பலர் மறுத்துப் பேசியிருக்கிறார்கள். ஒரே ஓர் அளவுகோல் அதை அவ்வளவு உயர்த்திவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் பழைய நெகிழிப் பை கடைசியில் எரிஉலைக்குப் போகிறது. தெருவில் கிடக்கும் குப்பையை அந்த ஆய்வு பெரிதாக எண்ணவே இல்லை.

நம் ஊரில் அது எங்கே போகிறது? வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிந்து, வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் ஓடத் தொடங்கும் வாரத்தில் ஏதாவது ஒரு மதகுப் பக்கம் போய் நில்லுங்கள். ஆகாயத்தாமரை வேரில் சிக்கி, கேரி பேக்கும் பால் உறையும் பந்துபோலத் திரண்டு மதகின் கண்ணை அடைத்துக் கிடக்கும். மண்வெட்டியால் வாரி வாரிக் கரையில் போட்டால்தான் கிளை வாய்க்காலில் தண்ணீர் ஏறும். தலைமடையில் அடைத்தால் கடைமடையில் வேதாரண்யத்துப் பக்கம் நாற்று காயும். வயலுக்குள் புதைந்த பாலித்தீன் துண்டு வேரையும் நீரையும் தடுக்கும்; மேய்ந்த மாட்டின் வயிற்றில் போய்த் தங்கும். டென்மார்க்கின் தராசில் இந்த எடை ஏறவே இல்லை. அதனால் 7,100 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நெகிழிக்குத் திரும்பச் சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

52 என்ற எண்ணை மட்டும் நான் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை சந்தை என்றால் ஒரு ஆண்டு. ஒரு ஆண்டு தாங்காத மஞ்சப்பை, நாம் நினைக்கும் நன்மையைச் செய்யவில்லை. இன்றைய கல்யாணங்களில் கிடைக்கும் பைகளைப் பாருங்கள். துணி வலை மாதிரி இருக்கிறது, கைப்பிடி ஒற்றைத் தையல், மணமக்களின் வண்ணப்படம் இரண்டு பக்கமும். அதைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போக யாருக்கும் மனம் வராது. கதவுக்குப் பின்னால் ஆணியில் முப்பது பை தொங்கும்; கடைக்குப் போகும்போது ஒன்றும் கையில் இருக்காது. சில பைகள் துணி மாதிரித் தெரிந்தாலும் துணியே இல்லை. நெசவில்லாமல் பாலிபுரொப்பிலீன் இழையைச் சூட்டில் ஒட்டிய தாள் அது. நெய்த துணியின் ஓரத்தை இழுத்தால் நூல் ஒவ்வொன்றாகப் பிரியும். இதில் பிரியாது, மெலிந்து கிழியும். ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் மத்தியக் கல்வித் துறை கொள்கை வகுத்திருக்கிறது. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. தமிழ்நாட்டு அரசு விலையில்லாப் புத்தகப் பையும் கொடுக்கிறது. அந்தப் பையின் பட்டையை இறுக்கி, பாரம் முதுகின் மேல்பாதியில் நிற்கும்படி போடுங்கள். நூர்டின் பதினான்கு வயதில் கண்டுபிடித்ததும், நம் மூட்டைத் தொழிலாளிகள் யாரும் சொல்லித்தராமல் அறிந்ததும் அதுதான். ஜிப் போய்விட்டது, பட்டை பிய்ந்துவிட்டது என்று நடுவருடத்தில் புதுப் பை கேட்காதீர்கள்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயிரம் பை அடிக்கும் காசில் ஐந்நூறு பை அடியுங்கள். மற்றவர்களுக்குத் தேங்காயைக் கையில் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கெட்டிக் காடாத் துணி கேளுங்கள். பெயரை உள்பக்கம் சின்னதாக அச்சிடச் சொல்லுங்கள். கைப்பிடிக்குச் சதுரத் தையல் போட்டால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ கால்மிதி இயந்திரத்தோடு ஒரு தையல்காரர் இன்னும் உட்கார்ந்திருப்பார். புதுச்சட்டை தைக்க யாரும் அவரிடம் போவதில்லை. நாளைக் காலை, ஆணியில் தொங்கும் பைகளில் கைப்பிடி பிய்ந்ததை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். பத்து நிமிட வேலை. சதுரம் போட்டு, நடுவில் குறுக்குத் தையல் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.